ஐயமும் ஆய்வும்

சின்னஞ்சிறு சிவப்பு விளக்கொன்றைப் பற்றி எழுதப் புகுகின்றோம். மோட்டார் வண்டி ஓட்டுவோர் யாவரும் அறிந்த விளக்குத்தான் அது. சாவியைத் திருப்பியதும் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். எரிந்தால் ஏன் எரிகிறது என்று கலங்குகிறோம். அணைந்தால் அப்படியொரு விளக்கு இருப்பதையே மறந்து விடுகிறோம். அந்த விளக்கு மூன்று மாதக் காலம் நம்மிடம் ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் கேட்கவில்லை. கேளாமையால் விளைந்த பிழை இரும்போடும் செம்புக் கம்பியோடும் நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இராது. அது ஒரு மனிதரின் மானத்தைத் தொட்டுவிட்டது. ஆகவே எழுதுகின்றோம்.

நம்மிடம் உள்ளது 1967 ஆம் ஆண்டின் அம்பாசடர் வண்டி. நம் அத்தா முன்பதிவு செய்து, நெடுநாள் காத்திருந்து வாங்கியது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 இல் அம்பாசடரை வெளியிடத் தொடங்கியது. 2014 இல் உற்பத்தி நின்றது. அந்த நீண்ட காலத்தில் நம் குடும்பங்களில் எத்தனை மாப்பிள்ளைமார் அதில் ஊர்வலம் வந்திருப்பர். எத்தனை நோயாளிகள் அதன் பின்னிருக்கையில் சாய்ந்தவாறு மருத்துவமனைக்குச் சென்றிருப்பர்! அத்தா 1994 இல் மறைந்தபோது வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டுக் கொண்ட நாம் அனைவரும், வண்டியை மட்டும் பங்கிட மனம் வராமல் விட்டோம். அது நம் பொறுப்பில் அமானிதமாகத் தங்கிற்று.

2017 அக்டோபரில் நம் மகளின் நிக்காஹ். மாப்பிள்ளை வாணியம்பாடிக்காரர். அவரை அத்தாவின் வண்டியில்தான் அழைத்து வரவேண்டும் என்பது நம் ஆசை. அதற்காகச் செப்டம்பரில் வண்டிக்குப் புது வர்ணம் பூசக் கொடுத்தோம். வெளியே பூசியது போதாதென்று, எஞ்சின் இருக்கும் உட்புறத்தையும் ஒரு திட்டு விடாமல் பூசச் சொன்னோம். அங்கிருந்த சில சிறு உறுப்புகளை நாமே கழற்றி, வர்ணம் காய்ந்தபின் நாமே மாட்டினோம். ஐம்பது ஆண்டு வண்டியை நம் கையாலேயே கவனித்துக் கொள்கிறோம் என்பதில் நமக்கொரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இங்கே வாசகர் சற்றே நினைவில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம்.

நிக்காஹ் இனிதே நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வாரமே ஒரு காலைப்பொழுதில் வண்டி கிளம்ப மறுத்தது. பேட்டரியில் உயிரில்லை. தள்ளிக் கிளப்பிக்கொண்டு, வழக்கமாகச் செல்லும் பட்டறைக்குப் போனோம். பேட்டரி பழையது என்று கூறிப் புதியது மாட்டினார்கள். பத்து நாள் சென்றது. சிவப்பு விளக்கு மீண்டும் அவ்வப்போது எரியலாயிற்று. புதிய பேட்டரியும் சோர்ந்தது. மறுபடி பட்டறை. அங்கே மின்சார வேலை பார்த்துவந்த இளைஞர் ஒருவர் டைனமோவைக் கழற்றி, பிரித்துத் துடைத்து, தேய்ந்த கார்பன்களை மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். வண்டி இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பழைய கதையே திரும்பியது.

அப்போதுதான் நம் உள்ளத்தில் அந்த எண்ணம் முளைத்தது. ஐம்பது ஆண்டு உழைத்த டைனமோ, இளைஞரின் கைக்குச் சென்று வந்த பின் எப்படிக் கெட்டது? நம்முடையதை எடுத்துக்கொண்டு வேறொரு பழைய டைனமோவை மாட்டி விட்டாரோ? செம்புக்கு விலை உண்டு. பழைய வண்டிப் பொருளுக்குத் தேடுவோரும் உண்டு. நண்பர் ஒருவரிடம் சொன்னோம். அவர், இருக்கும், இருக்கும் என்றார். அந்த ஒற்றைச் சொல்லே சாட்சியாகிவிட்டது. பட்டறைக்குச் சென்று, நான்கு பேர் நிற்கையில், டைனமோவை மாற்றியது யார் என்று உரக்கக் கேட்டோம். இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாம் கேட்கவில்லை. பட்டறைக்காரர் பழைய வாடிக்கையாளரான நம் முகத்துக்காக வேறொரு டைனமோவை மாட்டித் தந்தார். அடுத்த முறை சென்றபோது அந்த இளைஞர் அங்கே இல்லை. வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நமக்கு அன்று வருத்தம் தோன்றவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகின்றோம்.

இவ்விடத்தில், வண்டிக்குள் மின்சாரம் எவ்வாறு பிறந்து எவ்வாறு சேர்கிறது என்பதைச் சிறிது விளக்குவது அவசியம்.

காந்தப் புலத்தினூடே கம்பியை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831 இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து, செலவிட்டு, மீண்டும் நிரப்பவல்ல கலத்தை 1859 இல் பிரெஞ்சு நாட்டு காஸ்டோன் பிளான்டே ஆக்கினார். பழைய வண்டி ஒவ்வொன்றிலும் இவ்விருவர் கண்டவையும் இணைந்தே இருக்கின்றன. எஞ்சினின் முன்னே ஃபேன் பெல்ட்டால் சுழல்வது டைனமோ. மின்சாரத்தை ஏற்று வைப்பது பேட்டரி. இவ்விரண்டுக்கும் இடையே காவலாளியைப் போல ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் கட்-அவுட் பெட்டி என்பர். அதனுள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று, டைனமோவின் அழுத்தம் ஏறத்தாழ 13 வோல்ட்டை எட்டியதும் கதவைத் திறந்து மின்சாரத்தைப் பேட்டரிக்குள் விடும். டைனமோ தளர்ந்தால் கதவை அடைத்து, பேட்டரி மின்சாரம் பின்னோக்கி ஓடி வீணாகாமல் காக்கும். மற்றொன்று, டைனமோ அளவுக்கு மீறிப் பொங்காமல் அதன் காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தும்.

இன்னும் ஒன்று. வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் வேண்டும். வண்டியில் பெரும்பாலும் ஒன்றே போதும். மின்சாரம் கம்பி வழியே செல்லும். திரும்புவதோ வண்டியின் இரும்புடல் வழியே. அந்தத் திரும்பு வழியைத்தான் எர்த் என்கிறார்கள். மேற்சொன்ன கறுப்புப் பெட்டியின் இரு சுருள்களுக்கும் ஓர் எர்த் கம்பி உண்டு. அது உடலைத் தொடவில்லையேல் காவலாளி கண்ணிழந்தவன் ஆகிறான். கதவும் திறவாது, கட்டுப்பாடும் நடவாது.

சிவப்பு விளக்கின் சூட்சுமம் இதனினும் எளியது. அதன் ஒருபுறம் பேட்டரி, மறுபுறம் டைனமோ. இருபுறமும் அழுத்தம் சமமானால் அணைந்திருக்கும். எப்பக்கம் மிகுந்தாலும் எரியும். அதாவது, டைனமோ குறைவாகத் தந்தாலும் எரியும். டைனமோ மிகையாகத் தந்து, கதவு திறவாமல் போனாலும் எரியும். விளக்கு எரிகிறது என்பது பாதிச் செய்தி. எப்போது எரிகிறது என்பதே முழுச் செய்தி.

இந்த அறிவெல்லாம் நமக்குப் பின்னால் வந்தது. வந்த இடம் திருப்புட்குழி.

டிசம்பரில், மகளைக் காண வாணியம்பாடி செல்லச் சென்னையிலிருந்து நாமும் துணைவியாரும் புறப்பட்டோம். புதிதாய் மாட்டிய டைனமோ, புதிய பேட்டரி, புது வர்ணம். ஐயமின்றிக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் கடந்தபோது விளக்கு மினுக்கிற்று. காஞ்சிபுரத்துக்குப் பிரியும் சாலையைத் தாண்டியபின் நிலையாக எரியத் தொடங்கிற்று. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 90 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அவை மட்டுமே ஏழரை ஆம்பியர் இழுக்கும். எஞ்சினின் தீப்பொறிக்கும் பின்விளக்குக்கும் வேறு மின்சாரம் வேண்டும். வாணியம்பாடியோ இன்னும் 100 கிலோமீட்டருக்கும் அப்பால். லாரிகள் இரைந்து செல்லும் நெடுஞ்சாலையில், இருட்டிய பின் விளக்கற்ற வண்டியோடு நிற்பதை எண்ணியதும் நெஞ்சு நடுங்கிற்று. சாலையோரத் தேநீர்க் கடையில் விசாரித்தோம். ஊருக்குள் ஒரு பெரியவர் இருக்கிறார். லாரிகளுக்குக் கரண்டு வேலை செய்தவர். கேட்டுப் பாருங்கள் என்றார்கள்.

திருப்புட்குழி, காஞ்சி நகருக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். வைணவர்கள் போற்றும் 108 திருப்பதிகளில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் அங்கே உள்ளது. புள் என்றால் பறவை. சீதையைக் கவர்ந்து சென்றவனைத் தடுக்கப் போய் வெட்டுண்டு வீழ்ந்த ஜடாயு என்னும் பறவைக்கு, தந்தைக்குச் செய்வது போன்று இராமர் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்பது அவ்வூர்க் கோயிலின் மரபு. திருக்குளத்தின் பெயரும் ஜடாயு தீர்த்தமே. இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் வைணவ மரபு கூறும். வழியில் ஓர் அநீதி நிகழக் கண்டு, தன் வேலை அன்று என ஒதுங்காமல் குறுக்கே பாய்ந்த ஓர் உயிரின் நினைவைப் பெயரிலேயே தாங்கிய ஊருக்குள், வழியில் தவித்த நாமும் நுழைந்தோம்.

பெரியவரின் வீட்டு முன்னறையில் குழித்தறி ஒன்று இருந்தது. அவருடைய அண்ணன் அதில் அமர்ந்து பட்டு நெய்துகொண்டிருந்தார். பெரியவர் மட்டும் இளமையில் லாரிப் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு தறியை விட்டு விலகியவராம். வண்டியைச் சுற்றி வந்து, பழைய நண்பரைக் கண்டவர் போல முகம் மலர்ந்தார். நாம் நடந்ததையெல்லாம் விவரித்தோம்: பேட்டரி மாற்றியது, கார்பன் மாற்றியது, டைனமோ மாற்றியது, ஆள் ஏமாற்றியது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று வினவினார்:

“அது இருக்கட்டும் பாய். விளக்கு எப்ப எரியுது? வண்டி மெதுவா போறப்பவா, வேகமா போறப்பவா?”

நாம் திகைத்தோம். மூன்று மாதத்தில் அதை ஒருவரும் நம்மைக் கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. துணைவியார்தாம், “வேகமாகப் போகும்போதுதான் நன்றாக எரிகிறது, மெதுவாகப் போனால் அணைந்து விடுகிறது” என்றார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தவர் அவர்.

“அப்படின்னா டைனமோ மேல தப்பு இல்லே. ஆனாலும் பார்த்துட்டே சொல்லுவோம்” என்றார் பெரியவர்.

அந்தச் சொல்லை அப்படியே பொறித்து வைத்துக்கொள்ளலாம். தமக்கு விடை தெரிந்த பிறகும் அவர் சோதனையைக் கைவிடவில்லை.

முதலில் ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். அரை அங்குலம் அமிழ்ந்தது, சரி. பேட்டரி முனைகளைப் பிடித்து அசைத்தார், இறுக்கம் சரி, உப்புப் பூக்கவும் இல்லை. பின்பு டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, அதன் பெரிய முனையையும் சிறிய முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை அங்கேயும் மறுமுனையை டைனமோவின் இரும்பு உடலிலும் வைத்து, எஞ்சினை மெல்ல முடுக்கச் சொன்னார். முள் நடுங்காமல் ஏறி 20 வோல்ட்டைத் தொட்டது. உடனே போதும் என்று கையமர்த்தினார். கட்டுப்பாடில்லாமல் அதற்கு மேல் விரட்டினால் டைனமோ கெட்டுவிடும் என்று விளக்கினார். காந்தச் சுருள் பழுதாயிருந்தால் முள் ஒரு வோல்ட்டுக்குள்ளேயே கிடந்திருக்குமாம். சுழலும் ஆர்மேச்சர் பழுதாயிருந்தால் நான்கைந்து வோல்ட்டில் நின்றிருக்குமாம்.

அடுத்து, கம்பிகளை டைனமோவில் மறுபடி பூட்டி, அவற்றின் மறுகோடியைக் கறுப்புப் பெட்டியிலிருந்து கழற்றி அதே சோதனையைச் செய்தார். அங்கும் 20. ஆகக் கம்பிகளும் குற்றமற்றவை. எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டார்; உள்ளே சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, பெட்டியின் எர்த் முனைக்கும் எஞ்சினின் இரும்புக்கும் இடையே வைத்தார். பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஓர் ஒலி. விளக்கு அணைந்தது. கம்பியை எடுத்தார், எரிந்தது. வைத்தார், அணைந்தது.

பெட்டியின் எர்த் கம்பி உடலோடு சேரும் திருகாணியைக் கழற்றி நம்மிடம் காட்டினார். அதன் அடியில், பளபளப்பாக, ஒரு திட்டும் விடாமல், நம் புது வர்ணம் பூசப்பட்டிருந்தது. வர்ணத்தின் மீது கம்பி வளையத்தை வைத்துத் திருகியிருந்தது. வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. வண்டி குலுங்கும்போது திருகாணியின் மரை எங்கோ இரும்பை உரசினால் மின்சாரம் ஓடும், விலகினால் நிற்கும். பட்டறையில் ஒவ்வொரு முறை கை வைத்தபோதும் அந்தக் கம்பி சற்றே அசைந்து, சில நாள் ஒழுங்காகத் தொட்டிருக்கிறது. அதனாலேயே ஒவ்வொரு மருந்தும் பலித்தது போலவும், பின் பொய்த்தது போலவும் தோன்றியிருக்கிறது.

“யாரு பாய் இதை மாட்டினது?”

நாம் விடை கூறவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றியதும் மாட்டியதும் நம் கைகளே.

பெரியவர் சிறு உப்புத்தாளால் வர்ணத்தைச் சுரண்டினார். ஒரு காலணா அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிந்தது. கம்பியை வைத்து இறுக்கினார். கொஞ்சம் கிரீஸ் தடவினார். அவ்வளவுதான். பல ஆயிரம் ரூபாய்ச் செலவும், ஒரு மனிதரின் வேலையும், ஒரு காலணா அகல வர்ணத்துக்குப் பலியாகி இருந்தன. கட்டுப்பாடின்றி ஓடிய புது டைனமோ இன்னும் சிறிது தூரம் விரட்டப்பட்டிருந்தால் கருகியும் போயிருக்கும். அப்போதும் நாம் வேறு யாரையேனும் தேடியிருப்போம்.

மஃரிப் வக்து வந்திருந்தது. குறிப்பறிந்த அவ்வீட்டு அம்மையார் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் தந்து, திண்ணையைப் பெருக்கி விட்டார். வுளூச் செய்து தொழுதோம். உள்ளே தறியின் ஓசை சற்று நின்றது. நாம் தொழுது முடித்த பிறகே மீண்டும் எழுந்தது. பெரியவரின் அண்ணனிடம் சென்று, தொழிலைப் பற்றி விசாரித்தோம். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோத்துச் சேர்க்கும் கோர்வை வேலை அது; ஆயிரக்கணக்கான பாவு இழைகள் கண்முன் மின்னின. பேச்சுக்கிடையே ஓர் இழை அறுந்தது. அவர் நிறுத்தினார். விரல் நுனியால் இழைகளை விலக்கி, அறுந்த ஒன்றின் இரு முனைகளையும் தேடி எடுத்து முடிந்தார். தம்பியிடம் வண்டியின் கதையைக் கேட்டறிந்திருந்த அவர், தலை நிமிராமலே சொன்னார்: “இழை எதுன்னு பார்த்துதான் முடியணும். கோவத்துல பாவை அறுத்தா யாருக்கு நட்டம்?”

அவர் நம்மைக் குறித்துச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் நம்மைத் தேடி வந்து சேர்ந்தது. பெரியவர் கூலியாக மிகச் சிறு தொகையே கேட்டார். இரவு முழுவதும் விளக்குகள் பிரகாசமாக எரிய, வாணியம்பாடி போய்ச் சேர்ந்தோம். மகள் முகம் கண்டு மகிழ்ந்தும் உறக்கம் வரவில்லை.

ஐயப்படுவதற்கும் ஆராய்வதற்கும் உள்ள வேற்றுமையை அந்த இரவில் எண்ணிப் பார்த்தோம். இரண்டும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன: பிழை எங்கே? ஆனால் ஆய்வு ஒவ்வோர் உறுப்பையும் மற்றவற்றிலிருந்து பிரித்து நிறுத்தி, அது தன் கடமையைச் செய்கிறதா என்று கேட்கிறது. செய்தால், குற்றமற்றது என விடுதலை தருகிறது. ஐயமோ முதலிலேயே ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு எதிராக மட்டுமே சான்று தேடுகிறது. ஆய்வு தன்னையும் சோதனைக்கு உட்படுத்தும். ஐயம் பிறரை மட்டுமே நோக்கும். தன் கை மாட்டிய திருகாணி அதன் கண்ணுக்குத் தெரியாது.

திருமறையின் 49 ஆம் அத்தியாயமான அல்-ஹுஜுராத், கேட்ட செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேருவதை எச்சரிக்கிறது. ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும் கட்டளையிடுகிறது. இதனை நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். அந்-நிஸா அத்தியாயத்தின் 105 ஆம் வசனம் தொடங்கி வரும் பகுதியோ இன்னும் ஆழமானது. மதீனாவில் ஒருவர் கவசம் ஒன்றைத் திருடிவிட்டு, பழியை ஒரு யூதர் மீது சாற்றினார். திருடியவரின் குலத்தார் அவருக்காக வாதாட வந்தனர். அவ்வேளையில் அந்த யூதரின் குற்றமின்மையை வெளிப்படுத்தி வசனங்கள் இறங்கின என விரிவுரையாளர்கள் உரைப்பர். தன் பிழையைக் குற்றமற்ற ஒருவர் மீது எறிபவன் பெரும் அவதூற்றைச் சுமக்கிறான் என்னும் கருத்து அங்கேதான் வருகிறது. பலமுறை ஓதிய பகுதி. அன்று முதன்முறையாக அது நம் பெயரைச் சொல்லி அழைப்பது போல் இருந்தது.

இறைவனுக்குரிய கடமையில் தவறினால் தவ்பாச் செய்து அவனிடம் மன்றாடலாம். அடியாருக்குரிய ஹக்கில் தவறினால், அந்த அடியாரைத் தேடித்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் தேடினோம். பட்டறையில் அவரது இருப்பிடம் தெரியவில்லை. உடன் வேலை செய்த பையன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மூன்று வாரம் கழித்து, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஒரு சிறு பட்டறையில் அவரைக் கண்டோம். அதே நெடுஞ்சாலை; விளக்கு முதலில் மினுக்கிய அதே இடத்துக்குச் சற்று அப்பால்.

நம்மைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார், முகம் வெளிறிற்று. இன்னும் என்ன பழியோ என்று அஞ்சியிருக்க வேண்டும். நடந்ததைச் சொன்னோம். திருகாணியையும் வர்ணத்தையும் சொன்னோம். அதை மாட்டியவர் யார் என்பதையும் சொன்னோம். “தவறு நம்முடையது, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “அன்னிக்கே சொல்ல வந்தேன் சார். டைனமோ நல்லாத்தான் இருக்கு, வேற எங்கியோ தப்பு இருக்குன்னு. நீங்க கேக்கல” என்றார்.

இழந்த மாத ஊதியத்தை ஏற்றுக்கொள்ளும்படி ஓர் உறையை நீட்டினோம். அவர் கை நீட்டவில்லை. “பணம் வேண்டாம் சார். அங்க நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. அந்த நாலு பேர் முன்னாடி ஒரு தடவை சொல்லிடுங்க. அது போதும்” என்றார்.

பணம் கொடுப்பது எளிதாக இருந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அவரையும் அழைத்துக்கொண்டு பழைய பட்டறைக்குச் சென்றோம். அன்று நின்றவர்களில் மூவர் இருந்தனர். அவர்கள் முன்னிலையில், நாம் கூறியது பொய்யான பழி என்றும், பிழை நம் கையினுடையது என்றும் உரத்த குரலிலேயே சொன்னோம். பழியை உரக்கச் சொன்னவர்கள் மன்னிப்பை மெல்லச் சொல்வது நீதியன்று. பட்டறைக்காரர் அவரைத் திரும்ப வரும்படி அழைத்தார். அவர் வணங்கி மறுத்துவிட்டார். வெளியே வந்ததும் வண்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, அந்தத் திருகாணியைக் கையால் அசைத்துப் பார்த்தார். “நல்லா இறுக்கி இருக்கு சார்” என்று முதன்முறையாகச் சிரித்தார்.

டைனமோவைப் பற்றி அவர் பின்னொரு நாள் சொன்னது ஒன்று உண்டு. நெடுநாள் சும்மா கிடந்த டைனமோ, சுழற்றினாலும் சில வேளை மின்சாரம் தராது. தானே தன் காந்தத்தை வளர்த்துக்கொள்வதற்கு, அதன் இரும்பில் பழைய காந்தத்தின் சிறு எச்சம் தங்கியிருக்க வேண்டும். அந்த எச்சம் இருந்தால் அதிலிருந்து சிறு மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் காந்தத்தைப் பெருக்கும். பெருகிய காந்தம் மின்சாரத்தை மேலும் பெருக்கும். எச்சமும் போய்விட்டால், பேட்டரியின் கம்பியை அதன் சிறிய முனையில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும், காந்தம் மீளும். மனிதருக்கிடையே உள்ள நல்லெண்ணமும் அப்படித்தான் போலும். நாம் முற்றும் அழித்துவிட்டதாக எண்ணிய இடத்தில் அவரிடம் சிறிது எஞ்சியிருந்தது; இறைவன் அருளால் அதிலிருந்தே மீண்டும் வளர்ந்தது. இன்று நம் வண்டிக்கு வைத்தியர் அவரே.

முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனம் எனத் தனியே பதிந்து கொள்ள 2021 இல் மத்திய அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி நாள்தோறும் ஓட்ட இயலாது. அத்தாவின் வண்டியை என்ன செய்வது என்று குடும்பத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வோம். விளக்கு எரிந்தால் எதையும் மாற்றுவதற்கு முன், மெதுவாகச் செல்கையில் எரிகிறதா, விரைந்து செல்கையில் எரிகிறதா என்று பாருங்கள். பெல்ட், பேட்டரி முனை, எர்த் இணைப்பு, கம்பி எனச் செலவில்லாதவற்றை முதலில் சோதியுங்கள். விலையுள்ள பொருளைக் கடைசியில் தொடுங்கள். மனிதரின் மானம் அவை எல்லாவற்றினும் விலை மிக்கது. அதை எல்லாவற்றுக்கும் கடைசியில்கூடத் தொடுமுன் நூறு முறை எண்ணுங்கள்.

வண்டியின் உட்புறத்தில், புது வர்ணத்தின் நடுவே, அந்தக் காலணா அகல வெள்ளை இரும்பு இன்றும் அப்படியே இருக்கிறது. பார்ப்பவர்கள், அங்கே வர்ணம் விட்டுப்போயிருக்கிறதே என்கிறார்கள். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.